ஏழாவது மலையின் சோதனை ஆட்டம்

டீயின் நிறம் சரியாக வரவில்லை.

விதிக்காரர் புட்டியைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிவப்பு கூடிவிட்டது. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார். இப்போது சரி. பிராந்தியின் நிறத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பதினெட்டு வருடம் உலகத்தையே அந்த நிறத்தின் வழியாகத்தான் பார்த்திருந்தார். கடைசியாகத் தொட்டுப் பதின்மூன்று மாதம் ஆகிறது.

விதிக்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டே ஆடும் சீட்டு விளையாட்டுகளைத் தயாரிக்கும் சிறிய கம்பெனி அது. பூதம், மந்திரக்கிழவி, டிராகன் என்று சீட்டுகளுக்குப் படம் வரைய ஒரு பெண் இருந்தாள். எந்தப் பூதம் வந்தால் யார் எத்தனை மடக்கு குடிக்க வேண்டும் என்று விதி எழுதுவது இவர் வேலை. ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்திலும் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இதன் ஒவ்வொரு விதியும் குடித்துப் பார்த்தே எழுதப்பட்டது.’ அந்த வரியை நம்பித்தான் பெட்டி விற்றது. அந்த வரிக்கு உண்மையாக இருந்ததில்தான் அவர் இருபத்தொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவியின் துணிப்பெட்டி அலமாரி மேல் இல்லை.

திரும்பி வர அவள் இரண்டு நிபந்தனை போட்டிருந்தாள். குடிக்கக் கூடாது. வேலையை விடக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று அவள் சொல்லவில்லை. குடியை விட்டதைப் பற்றி அவர் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. “வீட்டுல வெச்சு சோதிச்சுட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு, பழைய ஞாபகத்திலிருந்து விதிகளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வருகிற திங்கட்கிழமை மனைவி வருவதாக இருந்தது. அக்கா சரி என்று சொன்னால்.

அக்கா மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ். பதின்மூன்று மாதமாகத் தம்பியோடுதான் இருந்தாள். அவர் சொல்லை நம்பாத மனைவி அக்காவின் சொல்லை நம்பினாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். அவள் வாயிலிருந்து அதிகமாக எதுவும் வராது என்பது வேறு விஷயம்.

இப்படி எல்லாம் கூடி வந்த வாரத்தில்தான் முதலாளி கூப்பிட்டார்.

“யோவ் விதிக்காரரே, நாப்பது கடை வெச்சிருக்கற பெரிய வியாபாரி நம்ம ‘ஏழாவது மலை’ ஆட்டத்தைப் பத்தாயிரம் பெட்டி எடுக்கறேங்கறார். ஒரே ஒரு தடவை உம்மகூட உக்காந்து ஆடிப் பாக்கணுமாம். நிஜச் சரக்கு, நாலு பேரு, ரெண்டு மணி நேரம். கடைசியில நீர் கையெழுத்துப் போட்டுச் சான்று குடுக்கணும்.”

“ஆபீஸ்ல வெச்சுக்கலாமே சார்?”

“இந்தக் கட்டடத்துல சரக்கு கூடாது.”

“உங்க வீட்டுல?”

முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “என் வீட்டுக்காரியை நீர் பாத்ததில்ல. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு உம்ம வீட்டுல.”

அக்கா சனிக்கிழமை காலை இரவுப்பணி முடித்து வந்து படுத்தாள். அவள் தூங்கும் நேரம் பார்த்து விதிக்காரர் பெரிய பாத்திரத்தில் டீ வைத்தார், ஆறவைத்தார், தொண்டையில் இறங்கும்போது எரிய வேண்டும் என்பதற்காக மிளகை இடித்துக் கலந்து வடிகட்டினார். தன் பங்குக்கு ஒரு புட்டி நிரப்பி, “எனக்கு எப்பவும் என் சரக்குதான், மத்தது ஒத்துக்காது” என்று ஒரு வசனமும் தயார் செய்துகொண்டார்.

இரண்டு மணிக்கு மூவரும் வந்தார்கள். முதலாளி குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பெரிய வெளிநாட்டுப் புட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் வியாபாரி. நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் காலை ஆட்டிப் பார்க்கிற ஆள். கடைசியாக ஓவியப் பெண், கையால் வெட்டிய மாதிரிச் சீட்டுக்கட்டோடும் சிவப்புப் பேனாவோடும். விதி மாறினால் அந்த இடத்திலேயே சீட்டில் திருத்தி எழுத வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். மேஜையைப் பார்த்தாள். புட்டிகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“ஆபீஸ் வேலைக்கா,” என்றார் விதிக்காரர்.

அவள் ஒரு நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு, வார்டுக்கு எடுத்துப் போகும் சின்ன நீல நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். பென்சில் காதில் இருந்தது. கைக்கு வந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சீட்டு பூதம்: எடுத்தவருக்கு ஒரு மடக்கு. வியாபாரி குடித்தார். அக்கா ஒரு கோடு போட்டாள். இரண்டாவது மந்திரக்கிழவி: இரண்டு மடக்கு. முதலாளி குடித்தார். மூன்றாவது விதிக்காரருக்குப் பூதம். அவர் டீயை ஒரு மடக்கு குடித்து, முகத்தைச் சுளித்து, “ஹா” என்றார். பழக்கம் மறக்கவில்லை. அக்கா கோடு போட்டாள்.

அதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கணக்கு எங்கே போகிறது என்று தெரியாதா? திங்கட்கிழமைக்குத்தான் போகிறது.

நான்காவது சீட்டை ஓவியப் பெண் எடுத்துச் சத்தமாகப் படித்தாள். “மாய ஆறு பெருக்கெடுத்தது. எல்லோரும் தம் கோப்பையை இடப்பக்கம் தள்ளுக.”

விதிக்காரர் தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த விதியை எழுதியவர் அவர்தான். குடித்த காலத்தில் எழுதியது. தன் கோப்பை எப்போதும் முதலில் காலியாகிவிடும், பக்கத்தில் இருப்பவனுடையது நிறைந்திருக்கும் என்பதற்காகவே அப்படி ஓர் ஆற்றை ஓடவிட்டிருந்தார். இப்போது அவருடைய டீ இடப்பக்கம் இருந்த முதலாளியின் கைக்குப் போகப்போகிறது. வலப்பக்கத்துப் பெண்ணின் பிராந்தி அவர் கைக்கு வரப்போகிறது.

முதலாளி கையை நீட்டினார்.

“நில்லுங்க சார்! தள்ளறதுக்கு முன்னாடி அவங்கவங்க கோப்பையைக் காலி பண்ணணும். அதுதான் விதி.”

“சீட்டுல அப்படி இல்லையே?” என்றாள் ஓவியப் பெண்.

“இப்பத்தான் தோணிச்சு.”

வியாபாரி தொடையில் தட்டினார். “பாத்தீங்களா! ஆடிக்கிட்டே விதி பிறக்குது. இதுக்குத்தான் நேர்ல பாக்கணும்னேன்.”

“எழுதும்மா, எழுது,” என்றார் முதலாளி.

நான்கு பேரும் கோப்பையைக் கவிழ்த்தார்கள். சிவப்புப் பேனா ஓடியது. வாசலில் பென்சில் ஓடியது. விதிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

துடைத்து முடிப்பதற்குள் வியாபாரி கேட்டார்: “காலிக் கோப்பையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யார் நிரப்பறது?”

“அனுப்பினவங்களே நிரப்பணும், அண்ணே. அதான் மரியாதை,” என்றார் முதலாளி.

ஓவியப் பெண் எழுந்து, முதலாளியின் வெளிநாட்டுப் புட்டியைச் சாய்த்து, விதிக்காரரின் முன்னால் விளிம்பு வரை ஊற்றிவிட்டாள். “போதுமா சார்?” என்று வேறு கேட்டாள்.

வாசனை மேலே வந்தது. பதின்மூன்று மாதத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவர் கை அவரைக் கேட்காமலே மேஜை மேல் இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பதுபோல இருந்தது.

“ஐஸ்,” என்றார். “ஐஸ் போடாம இதைக் குடிக்கறது பாவம் சார்.” கோப்பையை ஒரு கையிலும் பெரிய புட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

கோப்பையை முதலில் தொட்டியில் கொட்டினார். பிறகு புட்டி. முக்கால் புட்டி மிச்சம் இருந்தது. அவசரமாகக் கொட்டியதில் சட்டையிலும் கொட்டிக்கொண்டார். பிராந்தி குழாய்க்குள் இறங்கும் சத்தம் தொண்டையில் இறங்கும் சத்தம் மாதிரியே இருந்தது. முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புட்டியைக் கழுவி, பாத்திரத்தில் மிச்சமிருந்த மிளகு டீயை நிரப்பித் திரும்பினார்.

அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

தம்பியின் சட்டை முழுக்கப் பிராந்தி நாற்றம். கையில் புட்டி. கண்ணில் நீர்.

“நான் குடிக்கலக்கா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. பதினெட்டு வருடமாக இதே இடத்தில் நின்று, இதே சட்டை நாற்றத்தோடு, இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்ல வேறு வாக்கியம் ஏதாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

அக்கா மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். நோட்டைப் பார்த்தாள். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐஸ் போட்டு எல்லாக் கோப்பையையும் நிரப்பியாயிற்று; மேஜையில் இப்போது எல்லாம் டீ. வியாபாரி ஒரு மடக்கு வாயில் வைத்து, கண்ணை மூடினார். விதிக்காரரின் உயிர் அந்தக் கன்னத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

“ஐஸ் பட்டதும் ஒரு புகை வாசனை வருது, கவனிச்சீங்களா?” என்றார் வியாபாரி.

முதலாளியும் குடித்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. புட்டியின் விலை ஞாபகம் வந்ததும் அது ஓடிவிட்டது. “மரப்பீப்பாய், அண்ணே. பன்னெண்டு வருஷம் ஊறினது.”

ஓவியப் பெண் குடித்தாள். கோப்பையைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். “ஆமா சார். பீப்பாய் நல்லாத் தெரியுது.”

இதோடு முடிந்தது என்று விதிக்காரர் மூச்சு விட்டார். கால் மணி நேரம் சிக்கலில்லாமல் ஓடியது. பிறகு வியாபாரி சீட்டைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. ஏறவே மாட்டேங்குது.”

முதலாளி புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“சரக்குல குறை இல்ல. நாப்பது கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாத சரக்கா? ஆட்டத்துலதான் வேகம் பத்தல. இதை வாங்கிட்டுப் போறவன் என்ன சொல்லுவான்? ரெண்டு மணி நேரம் ஆடினோம், ஒருத்தனும் விழலைம்பான். பெட்டி என் தலையில கட்டின பெட்டியாயிடும்.”

முதலாளி விதிக்காரரின் பக்கம் திரும்பினார். “யோவ், பூதத்துக்கு ஒரு மடக்குதானா? பூதம்யா அது! பூனைக்குட்டியா?”

அவர் வேலை, மேஜையின் ஓரத்துக்கு வந்து நின்று கீழே எட்டிப் பார்த்தது. விதிக்காரர் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? டீதானே.

“மூணாக்கிடலாம் சார்.”

“கிழவிக்கு?”

“அரைக் கோப்பை.”

“டிராகன்?”

“முழுக் கோப்பை. ஒரே மூச்சுல.”

“எழுதும்மா!”

சிவப்புப் பேனா ஓடியது. மீண்டும் ஆடினார்கள். மூன்று மடக்கு, அரை, முழு, மாய ஆறு வந்தபோதெல்லாம் காலி செய்து தள்ளி, நிரப்பி. வியாபாரி நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். “முன்னைக்குப் பரவாயில்ல. ஆனா இன்னும்...”

எலும்புப் படை வந்தால் எல்லோருக்கும் முழுக் கோப்பை என்றானது. டிராகன் இரண்டானது. சீட்டுக்கட்டில் திருத்தாத வகை ஒன்றுதான் மிச்சம் இருந்தது: உயிர்க்கிளி. கையில் அது இருப்பவர் ஒரு சுற்று குடிக்க வேண்டாம், தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். எழுபது சீட்டில் அந்தச் சலுகை நான்கு சீட்டுக்குத்தான் இருந்தது. ஓவியப் பெண் அதைத்தான் ஆசையாக வரைந்திருந்தாள், ஒவ்வொரு சிறகாக.

“கிளியைத் தூக்குங்க,” என்றார் வியாபாரி. “குடிக்க வந்தவனுக்கு எதுக்குத் தண்ணி?”

அவள் விதிக்காரரைப் பார்த்தாள். “சார்...?”

“தூக்கிடும்மா,” என்றார் விதிக்காரர். வெறும் டீக்கு எதற்குக் கிளி?

நான்கு கிளிகளும் மேஜைக்கு அடியில் போயின. வாசலில் அக்காவின் பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. இடையில் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டாள்.

மூன்றரை மணி வாக்கில்தான் அந்த அதிசயம் நடந்தது. மேஜைக்குப் போதை ஏறியது.

முதலில் ஏறியது முதலாளிக்கு. இவ்வளவு விலை கொடுத்த புட்டி ஏறாமல் போனால் அது அவருக்கல்லவா அவமானம். “அண்ணே, நீங்க என் கூடப்பிறந்த பிறப்பு” என்று வியாபாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமனார் தன்னை மனிதனாகவே மதிப்பதில்லை என்று அழுதார். நாற்பது கடைக்காரர் தனக்கு முன்னால் இன்னொருத்தருக்கு ஏறுவதைப் பொறுப்பாரா? எழுந்து நின்று ஒரு பாட்டின் நடுவிலிருந்து பாட ஆரம்பித்தார். ஓவியப் பெண் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூந்தலை அவிழ்த்துவிட்டு முதலாளியிடம் நேராகச் சொன்னாள்:

“ரெண்டு வருஷமா எனக்குச் சம்பளம் ஏத்தல. நீங்க ஒரு கஞ்சன். குடிச்சவ பேச்சு சார், மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா கஞ்சன்.”

விதிக்காரர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று ஜோடிக் கண்கள் அவர் மேல் திரும்பின.

“என்னய்யா, உமக்கு ஏறலயா?”

வேறு வழியில்லை. அவரும் ஏற்றிக்கொண்டார். மற்றவர்கள் நடித்தார்கள், அவருக்கு அது தாய்மொழி. நாக்கைத் தடிக்கவிட்டார். எழுந்து, நாற்காலிக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்தார். தரையில் கிடந்தபடி, இல்லாத ஒரு ஆளைப் பார்த்து, “என்னை யாரும் எண்ணக் கூடாது” என்று விரலை ஆட்டினார். வியாபாரி பாட்டை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது.

“சொல்லும்மா,” என்றாள் அக்கா. தரையிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது மனைவி. “ம்... ஆமா... எதிர்லதான் இருக்கான். தரையில... பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு அரை மணி நேரம் குடு. முழுசா முடியட்டும், சொல்றேன்.”

விதிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்திருக்கவும் முடியாது. எழுந்தால் வேலை போகும். கிடந்தால் மனைவி போவாள். பதின்மூன்று மாதத்தில் முதல்முறையாக, நிஜமாகவே ஒரு கோப்பை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதைத்தான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குழாயில் கொட்டியிருந்தார்.

நான்கு மணிக்கு முதலாளி சான்றை நீட்டினார். நான்கு பேர் ஆடினர். இரண்டு மணி நேரம். உண்மையான சரக்கு. திருத்திய விதிகள் அனைத்தும் சோதிக்கப்பட்டன. யாருக்கும் எந்த உடல்நலக் கேடும் ஏற்படவில்லை. கடைசி வரியாவது உண்மையாக இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டு, கோணல்மாணலாக, குடித்தவன் கையெழுத்தாகவே போட்டார்.

“பத்தாயிரம் இல்ல,” என்றார் வியாபாரி, சுவரைப் பிடித்துக்கொண்டு. “இருபதாயிரம். திங்கக்கிழமையே அச்சுக்குக் குடுங்க. விதிக்காரரே, நீங்க நூறு வருஷம் இருக்கணும்.”

மூவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள். முதல் வளைவு வரை தள்ளாடினார்கள். அதற்குக் கீழே காலடிச் சத்தம் ஒழுங்காகக் கேட்டது.

விதிக்காரர் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டார். “அக்கா. சத்தியமா. எல்லாம் டீ. முதல்லேர்ந்து நான் குடிச்சது டீ, அப்புறம் அவங்க குடிச்சதும் டீ. சிங்க்கை வேணா மோந்து பாரு...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“டீத்தூள் டப்பா பாதி இல்ல. மிளகு டப்பா முழுசா இல்ல. தூங்கி எழுந்ததும் பாத்தேன். அதுக்கப்புறம் நாலு பேரும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போனீங்க, ஒரே நேர்க்கோட்டுல. அந்தப் பொண்ணு போகும்போது செருப்பை மாட்டி, வந்ததும் கழட்டி ஜோடியா வெக்கறா. குடிச்சவங்களை நான் பாத்ததே இல்லையாடா?”

போனை எடுத்தாள். “நான்தான். சுத்தமா இருக்கான். ஒரு சொட்டு இல்ல. ஆமா, என் கண்ணால. திங்கக்கிழமை வா.” வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். பதின்மூன்று மாதம் ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. விதிக்காரர் சற்றுமுன் நடிப்புக்காக விழுந்த அதே இடத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குடியும் இல்லை, வேலையும் இருக்கிறது, மனைவியும் வருகிறாள். ஒரே சனிக்கிழமையில் மூன்றையும் காப்பாற்றிய ஆள் இந்தத் தெருவில் வேறு யார்? கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் நீல நோட்டு ஞாபகம் வந்தது.

“எல்லாம் டீன்னு தெரிஞ்சே, ரெண்டு மணி நேரமா என்னத்தக்கா எழுதிக்கிட்டிருந்த?”

அக்கா நோட்டை அவர் பக்கம் திருப்பி மடியில் வைத்தாள். நான்கு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள் பக்கம் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தன. ஓரத்தில் மணி. மூன்று பத்திகளில் ஆளுக்கு ஓரிடத்தில் அடிக்கோடு, வார்டில் போடுவதுபோல. நான்காவது பத்தியில் அடிக்கோடு இல்லை, குறுக்கே ஒரு கோடு இருந்தது. அந்தப் பத்தியின் தலைப்பு ‘கடைக்காரர்’.

அவள் எழுந்து சீருடையைக் கொடியிலிருந்து எடுத்தாள்.

“நிஜச் சரக்கா இருந்திருந்தா மூணேகாலுக்கு அந்தப் பொண்ணு, அப்புறம் நீ, அப்புறம் உங்க முதலாளி, மூணு பேரும் எங்க வார்டு, நாலாவது ஆளைக் கொண்டுவந்தும் பிரயோஜனமில்ல. பெட்டி என்னிக்குக் கடைக்கு வருதுன்னு மட்டும் சொல்லுடா, கட்டில் ஒதுக்கி வெக்கணும்.”